ஒரே மெஷின், ரெண்டு கடிகாரம்: கெர்னல் ட்ரேஸையும் ஆப் லாகையும் பொருத்துவது

போன எபிசோட்ல லேட்டன்சி பத்திப் பேசி முடிக்கும்போது, "நான் ஒருத்தர் மேல தப்பா பழி போட்ட கதை ஒண்ணு இருக்கு, அடுத்த தடவை சொல்றேன்"னு சொல்லியிருந்தேன். இன்னைக்கு அதுதான். கம்பெனி பேர், ஆள் பேர் எதுவும் வராது. தப்பு என்னோடது, அதை மட்டும் சொல்றேன்.

நான் அப்போ வேலை பார்த்த இடத்துல ஒரு சர்வீஸ் இருந்துச்சு. ஒரு ரிக்வெஸ்ட் வந்தா சாதாரணமா 5 மில்லிசெகண்ட்ல பதில் சொல்லிடும். ஆனா அப்பப்போ சில ரிக்வெஸ்ட் மட்டும் 80 மில்லிசெகண்ட் எடுத்துக்கும். ஆப் லாகைப் பார்த்தா ஒண்ணும் தெரியாது. "ஆரம்பிச்சேன்"னு ஒரு வரி, "முடிச்சேன்"னு ஒரு வரி, நடுவுல 80 மில்லிசெகண்ட் வெறும் மௌனம். நம்ம கோடு ஓடாத நேரத்துல அது எப்படி லாக் எழுதும்?

அதனால கெர்னல் ட்ரேஸ் எடுக்கலாம்னு முடிவு பண்ணினேன். ஆப் லாக் என்பது நம்ம கோடு தன்னைப் பத்தித் தானே எழுதிக்கிற டைரி. கெர்னல் ட்ரேஸ் என்பது ஆபரேட்டிங் சிஸ்டம் எல்லாரையும் பத்தி எழுதுகிற டைரி: எந்த த்ரெட் எந்த கோர்ல ஏறுச்சு, எப்போ இறங்குச்சு, டிஸ்க்குக்கு ரைட் எப்போ போச்சு, எல்லாம் அதுல வரும். லினக்ஸ்ல இதுக்கு பெர்ஃப், எஃப்ட்ரேஸ்னு ரெண்டு பெரிய வழி இருக்கு. நான் பெர்ஃப் எடுத்தேன். தேவையான ஈவென்ட் மட்டும் ஃபில்டர் போட்டு ஒரு மணி நேரத்துக்கு மேல ரெக்கார்ட் பண்ணினேன்.

இப்போ ரெண்டு டைரியையும் பக்கத்துல பக்கத்துல வைக்கணும். ஆப் லாக்ல காலை 11 மணி 4 நிமிஷம்னு சுவர்க் கடிகார நேரம் இருக்கு. பெர்ஃப்ல மெஷின் ஆன் ஆனதுல இருந்து இத்தனை செகண்ட்னு ஒரு பெரிய எண் இருக்கு. நான் என்ன பண்ணினேன்? ரெக்கார்ட் ஆரம்பிச்ச இடத்துல ரெண்டு நேரத்தையும் ஒரு தடவை ஒப்பிட்டு, வித்தியாசத்தை எடுத்து, எல்லா கெர்னல் ஈவென்ட்டுக்கும் அதையே கூட்டினேன். பைத்தான்ல நாலு வரி. கிராஃப் அழகா வந்துச்சு.

அந்த கிராஃப்ல, ரெக்கார்டோட கடைசிப் பகுதியில இருந்த பெரிய ஸ்பைக் மூணையும் எடுத்துப் பார்த்தேன். மூணுலயும் ஒரே காட்சி. ஒவ்வொரு தடவையும் நம்ம ரிக்வெஸ்ட் மாட்டறதுக்கு 50 மில்லிசெகண்ட் முன்னாடி, அதே மெஷின்ல ஒரு ஜிசிப் ப்ராசஸ் எழுந்து டிஸ்க்ல எழுத ஆரம்பிக்குது. அது டீம்ல புதுசா சேர்ந்த ஒரு தம்பி எழுதின ஸ்கிரிப்ட். நிமிஷத்துக்கு ஒரு தடவை பழைய லாக் ஃபைலை சுருக்கி வைக்கும். எனக்கு கேஸ் முடிஞ்சுபோச்சு. மீட்டிங்ல கிராஃபைப் போட்டுக் காட்டினேன். "பாருங்க, இது ஓடுது, உடனே அது மாட்டுது." எல்லாரும் தலையாட்டினாங்க. ஸ்கிரிப்டை நிறுத்தி வைக்கச் சொன்னாங்க. அடுத்த மாசம் அவன் ரிவியூல, ப்ரொடக்‌ஷன்ல பாதிப்பு உண்டாக்கினதா ஒரு வரி ஏறிடுச்சு.

ஸ்கிரிப்டை நிறுத்தின பிறகும் ஸ்பைக் நிக்கல. கொஞ்சம் குறைஞ்ச மாதிரி இருக்குன்னு நானே எனக்குச் சொல்லிக்கிட்டேன். உண்மையில குறையல.

ரெண்டு வாரம் கழிச்சு அந்தத் தம்பி என் டெஸ்க்குக்கு வந்தான். சண்டை போடல. என் கிராஃபை ப்ரிண்ட் எடுத்து வெச்சிருந்தான். "அண்ணா, என் ஸ்கிரிப்ட் தூங்கி எழுந்து, நிமிஷம் மாறிடுச்சான்னு பார்த்துட்டுதான் ஜிசிப்பைக் கூப்பிடும். மாறலைன்னா கூப்பிடவே கூப்பிடாது. உங்க கிராஃப்ல 59 புள்ளி 98-வது செகண்ட்லயே ஓடுதே, அது எப்படி?"

எனக்குப் பேச்சு வரல. நிமிஷம் பிறக்கறதுக்கு 20 மில்லிசெகண்ட் முன்னாடி அது ஓடியிருக்க முடியாது. அவனோட ஸ்கிரிப்ட் லாக்கைத் திறந்து பார்த்தோம். ஜிசிப் ஆரம்பிச்ச நேரம், நிமிஷம் பிறந்து 70 மில்லிசெகண்ட் கழிச்சுன்னு இருந்தது. அதே ஜிசிப், அதே மெஷின், அதே நிகழ்வு. என் கிராஃப்ல 90 மில்லிசெகண்ட் முன்னாடி உட்கார்ந்திருக்கு. நம்ம ஸ்பைக் ஆரம்பிச்சது நிமிஷம் பிறந்து 30 மில்லிசெகண்ட்ல. அப்போ ஜிசிப் வந்தது ஸ்பைக்குக்கு முன்னாடி இல்லை, ஸ்பைக் ஆரம்பிச்சு 40 மில்லிசெகண்ட் கழிச்சு. வீடு பத்தி எரிய ஆரம்பிச்ச பிறகு தெருவுல நடந்து வந்தவனைப் பிடிச்சு, நீதான் கொளுத்தினேன்னு சொல்லியிருக்கேன்.

சரி, இந்த 90 மில்லிசெகண்ட் எங்கிருந்து வந்துச்சு? இங்கதான் விஷயம் இருக்கு, கொஞ்சம் பொறுமையா கேளுங்க.

லினக்ஸ்ல நேரம் ஒண்ணு இல்லை. முதல்ல கிளாக் ரியல்டைம். இது சுவர்க் கடிகாரம். 1970 ஜனவரி 1-லிருந்து எத்தனை செகண்ட் என்று எண்ணும். யாராவது நேரத்தை மாத்தி வெச்சா இதுவும் மாறும், பின்னாடியும் போகும். ரெண்டாவது, கிளாக் மோனோடானிக். இது பின்னாடி போகவே போகாது. ஆனா இதோட வேகத்தை என்டிபி லேசா கூட்டிக் குறைக்கும், நிஜ உலக செகண்டோட ஒத்துப்போகணும் என்பதுக்காக. மூணாவது, மோனோடானிக் ரா. என்டிபி கை வைக்காத, ஹார்ட்வேர் ஓடுற வேகத்துலயே ஓடுற நேரம். நாலாவது பூட்டைம். லேப்டாப்பையோ போனையோ தூங்க வெச்சா மோனோடானிக் நின்னுடும், பூட்டைம் அந்தத் தூக்கத்தையும் சேர்த்து எண்ணும்.

இது நாலும் நம்ம ஆப் கேட்டு வாங்கக்கூடிய நேரம். இதுக்கு வெளியில, கெர்னல் தன் சொந்த உபயோகத்துக்கு வெச்சிருக்கிற ஒண்ணு இருக்கு, ஷெட் கிளாக்னு பேர். ஷெட்யூலருக்கு ஒவ்வொரு ஸ்விட்ச்லயும் நேரம் வேணும், அதனால இது ரொம்ப வேகமா படிக்கக் கூடியதா இருக்கணும். இன்டெல், ஏஎம்டி மெஷின்கள்ல இது பெரும்பாலும் டிஎஸ்சி என்கிற ப்ராசஸர் கவுண்டரைப் படிச்சு, ஒரு நிலையான எண்ணால பெருக்கி நானோசெகண்டா மாத்தித் தரும். அவ்வளவுதான். என்டிபிக்கும் இதுக்கும் பேச்சுவார்த்தையே கிடையாது.

பெர்ஃபும் எஃப்ட்ரேஸும், நீங்க ஒண்ணும் சொல்லலைன்னா, இந்த உள் கடிகாரத்தைத்தான் எடுத்துக்கும். டிமெசேஜ்ல சதுர அடைப்புக்குள்ள வர்ற நேரமும் அதே குடும்பம்தான். டிமெசேஜ்ல மைனஸ் கேபிடல் டி போட்டா அழகா தேதி, மணியோட காட்டும் இல்லையா? மெஷின் தூங்கி எழுந்திருந்தா அந்த நேரம் தப்பா இருக்கலாம்னு அதோட மேன் பேஜ்லயே எழுதியிருக்கு. நம்மள்ல எத்தனை பேர் அதைப் படிச்சோம்?

இப்போ கணக்கு. என் மெஷின்ல அந்த உள் கடிகாரம் நிஜ நேரத்தைவிட 25 பிபிஎம் மெதுவா ஓடுச்சு. பிபிஎம்னா பத்து லட்சத்துல ஒரு பங்கு. 25 பிபிஎம்னா ஒரு செகண்டுக்கு 25 மைக்ரோசெகண்ட். கேட்கும்போது ஒண்ணுமே இல்லாத மாதிரி இருக்கும். ஒரு மணி நேரத்துக்கு 3600 செகண்ட். பெருக்கிப் பாருங்க: 90,000 மைக்ரோசெகண்ட், அதாவது 90 மில்லிசெகண்ட். குவார்ட்ஸ் படிகத்துக்கு இந்த அளவு விலகல் சர்வசாதாரணம், மெஷின்ல கோளாறுன்னு அர்த்தமே இல்லை. நான் ஆரம்பத்துல எடுத்த வித்தியாசம் ஆரம்பத்துல சரி. ஒரு மணி நேரம் கழிச்சு அது 90 மில்லிசெகண்ட் தப்பு. நான் பார்த்த மூணு ஸ்பைக்கும் கடைசிப் பகுதியில இருந்தது.

இன்னொன்னையும் ஒத்துக்கறேன். ரெக்கார்டோட முதல் பத்து நிமிஷத்துல இருந்த ஸ்பைக்ல ஜிசிப் பின்னாடிதான் வந்துச்சு. நான் அதைப் பார்த்தேன். "இது ஏதோ வேற காரணம்"னு ஒதுக்கிட்டேன்.

சுவர்க் கடிகாரம்னு சொன்னேன் இல்லையா, அதுல ஒரு பிரபலமான சம்பவம் சொல்லிட்டுப் போயிடறேன். 2016 டிசம்பர் 31 முடியும்போது உலக நேரத்துல ஒரு லீப் செகண்ட் சேர்த்தாங்க. நம்ம ஊர்ல அப்போ புத்தாண்டு அன்னைக்குக் காலை அஞ்சரை மணி. கிளவுட்ஃப்ளேரோட டிஎன்எஸ் மென்பொருள் கோ மொழியில எழுதினது. ரெண்டு நேரத்தைக் கழிச்சா மைனஸ் வராதுன்னு நம்பி எழுதியிருந்தாங்க. அந்த ஒரு செகண்ட்ல சுவர்க் கடிகாரம் பின்னாடி போச்சு, கழிச்சா மைனஸ் வந்துச்சு, அந்த மைனஸ் எண் ரேண்டம் ஃபங்ஷனுக்குப் போய், அது பேனிக் ஆச்சு. அவங்களே இதை விவரமா எழுதினாங்க. அதே 2017-ல வந்த கோ 1.9-ல இருந்து டைம் டாட் நவ் என்பது சுவர் நேரம், மோனோடானிக் நேரம் ரெண்டையும் சேர்த்தே எடுத்து வைக்கும். ஆனா கவனம்: அதை லாக்ல அச்சடிச்சு, அந்த லாகைப் பார்த்து நீங்க கழிச்சீங்கன்னா, திரும்பவும் சுவர் நேரத்தைத்தான் கழிக்கறீங்க.

சரி, பொருத்தறதுக்கு என்ன வழி? எனக்குப் பிடிச்ச வரிசையில சொல்றேன்.

முடிஞ்சா ரெண்டு பக்கமும் ஒரே கடிகாரத்துல எழுதவையுங்க. இதுதான் சுலபம், இதுதான் பெரும்பாலும் போதும். பெர்ஃப் ரெக்கார்ட்ல மைனஸ் கே போட்டு மோனோடானிக்னு சொல்லலாம். எஃப்ட்ரேஸ்ல ட்ரேஸ் கிளாக்னு ஒரு ஃபைல் இருக்கு, அதுல மோனோன்னு எழுதினா போதும். ஆனா ட்ரேஸ் ஓடிக்கிட்டிருக்கும்போது அதை மாத்தாதீங்க, அதுவரை பஃபர்ல இருந்தது எல்லாம் அழிஞ்சுடும். ஆப் பக்கம், ஒவ்வொரு லாக் வரியிலும் சுவர் நேரத்தோட மோனோடானிக் எண்ணையும் ஒரு கூடுதல் ஃபீல்டா எழுதுங்க. பைத்தான்ல டைம் டாட் மோனோடானிக், ஜாவால சிஸ்டம் டாட் நானோடைம், லினக்ஸ்ல ரெண்டும் கிளாக் மோனோடானிக்கைத்தான் படிக்குது. ஈபிபிஎஃப்ல எழுதறவங்களுக்கு, பிபிஎஃப் கேடைம் கெட் என்எஸ் தர்றதும் அதேதான். நேரம் கேட்கறதால ஆப் மெதுவாயிடுமேன்னு கவலை வேண்டாம். சாதாரண மெஷின்ல அது விடிஎஸ்ஓ வழியா கெர்னலுக்குள்ள போகாமலே முடிஞ்சுடும், சில பத்து நானோசெகண்ட் செலவு.

எல்டிடிஎன்ஜி பயன்படுத்தறவங்க இதைக் கேட்டு சிரிப்பீங்க. அதுல கெர்னல் பக்கமும் ஆப் பக்கமும் ஆரம்பத்துல இருந்தே மோனோடானிக்தான், அதனால இந்தத் தொல்லையே பெருசா இல்லை.

ரெண்டாவது வழி, சாட்சி வைக்கிறது. எஃப்ட்ரேஸ்ல ட்ரேஸ் மார்க்கர்னு ஒரு ஃபைல் இருக்கு. நம்ம ஆப் அதுல ஒரு வரி எழுதினா, அந்த வரி கெர்னல் பஃபருக்குள்ளயே, கெர்னலோட நேரத்தோட போய் உட்காரும். ஒவ்வொரு ரிக்வெஸ்டுக்கும் எழுத வேண்டியதில்லை, ஒவ்வொரு எழுத்தும் ஒரு சிஸ்டம் கால். செகண்டுக்கு ஒரு தடவை, "இப்போ என் மோனோடானிக் இது, என் ரியல்டைம் இது"ன்னு எழுதினா போதும். கெர்னல் நேரம் பக்கத்துல தானா வந்துடும். ரெண்டு கடிகாரத்துக்கும் நடுவுல செகண்டுக்கு ஒரு ஆணி அடிச்ச மாதிரி. ரெண்டு ஆணிக்கு நடுவுல நேர்க்கோடு போட்டுக்கலாம். மொத்த ரெக்கார்டுக்கும் ஒரே கோடு போடாதீங்க, என்டிபி நடுவுல வேகத்தை மாத்தியிருக்கலாம். ஆண்ட்ராய்டோட பழைய சிஸ்ட்ரேஸ் இதே மார்க்கர் வித்தையைத்தான் பண்ணுச்சு. இப்போ இருக்கிற பெர்ஃபெட்டோவும் எல்லாக் கடிகாரத்தையும் ஒரே சமயத்துல படிச்சு, அந்தப் படத்தை ட்ரேஸுக்குள்ளயே வெச்சுக்குது.

இதுல ஒரு நுணுக்கம். ரெண்டு கடிகாரத்தை ஒரே நொடியில படிக்க முடியாது, ஒண்ணு விட்டு ஒண்ணுதான் படிக்கணும். நடுவுல உங்க த்ரெட்டை யாராவது இறக்கி விட்டா போச்சு. அதனால மோனோடானிக், ரியல்டைம், திரும்ப மோனோடானிக் என்று படியுங்க. முதலுக்கும் மூணாவதுக்கும் இடைவெளி பெருசா இருந்தா தூக்கிப் போட்டுட்டுத் திரும்பப் படியுங்க. சின்னதா இருந்தா ரெண்டுக்கும் நடுப்புள்ளியை எடுத்துக்கோங்க.

மூணாவது வழி, கோடை மாத்த முடியாதவங்களுக்கு. எனக்கு இதுதான் ரொம்பப் பிடிச்சது. உங்க ஆப் ஒரு ஃபைல் ரைட்டுக்கு முன்னாடியும் பின்னாடியும் நேரம் குறிக்குதுன்னு வெச்சுக்கோங்க. கெர்னல் ட்ரேஸ்ல அதே ரைட்டோட நுழைவும் வெளியேற்றமும் இருக்கு. நுழைவு, ஆப்போட "முன்னாடி"க்கு அப்புறம்தான் நடந்திருக்கணும். வெளியேற்றம், ஆப்போட "பின்னாடி"க்கு முன்னாடியே நடந்திருக்கணும். இது இயற்கை விதி மாதிரி, மீற முடியாது. ஆப் பக்கம் 10, 50 மைக்ரோசெகண்ட்னு இருக்கு. கெர்னல் பக்கம் 1012, 1045. அப்போ ரெண்டு கடிகாரத்துக்கும் வித்தியாசம் 1002-ஐத் தாண்ட முடியாது, 995-க்குக் குறையவும் முடியாது. ஒரே ஒரு ரைட், வித்தியாசம் 7 மைக்ரோசெகண்ட் ஜன்னலுக்குள்ள அடைஞ்சுடுச்சு. இன்னும் பத்து ரைட் பார்த்தா ஜன்னல் இன்னும் குறுகும். எந்த எண்ணும் எல்லா ஜன்னலுக்குள்ளயும் பொருந்தலைன்னா, கடிகாரம் நகருதுன்னு அர்த்தம். அந்தத் தம்பி எனக்குக் காட்டினதும் இதேதான். நிமிஷம் பிறக்காம ஜிசிப் ஓடாது என்பது மீற முடியாத ஒரு வரிசை. என் கிராஃப் அதை மீறிக்கிட்டு நின்னுச்சு.

எந்த வழியில போனாலும், உங்க லாகர் நேரத்தை எப்போ குறிக்குதுன்னு ஒரு தடவை பார்த்துடுங்க. சில லாகர் வரியை க்யூவுல போட்டுட்டு, பின்னாடி வேற ஒரு த்ரெட் எழுதும்போதுதான் நேரம் போடும். அப்போ அது நடந்த நேரம் இல்லை, எழுதின நேரம். கடிகாரத்தை நானோசெகண்டுக்குப் பொருத்தியும் பிரயோஜனம் இல்லை.

கதைக்கு வர்றேன். மோனோடானிக் வெச்சு திரும்ப ரெக்கார்ட் பண்ணினோம், இந்தத் தடவை நானும் அவனும் சேர்ந்து. ரிக்வெஸ்ட் மாட்டின அதே ஜன்னல்ல நம்ம சர்வீஸோட எல்லா த்ரெட்டும் ஒண்ணா இறங்கி, 75 மில்லிசெகண்ட் கழிச்சு ஒண்ணா ஏறுது. பழைய ட்ரேஸ்லயும் இந்த இடைவெளி இருந்துச்சு. ஆனா 90 மில்லிசெகண்ட் தள்ளி இருந்ததால, ரிக்வெஸ்ட் இல்லாம சும்மா இருக்குன்னு நினைச்சுத் தாண்டிப் போயிட்டேன். த்ரெட் இறங்கும்போது பக்கத்துல ஒரு எழுத்து வரும். எஸ்னா தானா தூங்கப் போச்சு, ஆர்னா ஓட ஆசைப்பட்டும் இறக்கி விடப்பட்டுச்சு. அத்தனையும் ஆர். நான் அந்தப் பத்தியைப் பார்க்கவே இல்லை.

காரணம் என்னன்னா, கண்டெய்னருக்கு ரெண்டு சிபியு லிமிட் வெச்சிருந்தோம். லினக்ஸ் அதை 100 மில்லிசெகண்ட் தவணையாக் கணக்கு வைக்கும். ஒரு தவணைக்கு மொத்தம் 200 மில்லிசெகண்ட் சிபியு நேரம். நிமிஷம் பிறந்ததும் மெட்ரிக்ஸ் ஃப்ளஷ் பண்ண 8 த்ரெட் ஒரே சமயத்துல எழும். 8 பேர் சேர்ந்து 25 மில்லிசெகண்ட்ல மொத்த ரேஷனையும் தின்னு தீர்த்துடுவாங்க. மிச்சம் 75 மில்லிசெகண்ட், அடுத்த தவணை வர்ற வரைக்கும், யாருக்கும் ஒண்ணும் கிடையாது. எந்த ரிக்வெஸ்ட் அந்த நேரத்துல வந்துச்சோ அது மாட்டிக்கும். சிக்ரூப்ல சிபியு ஸ்டாட்னு ஒரு ஃபைல் இருக்கு, அதுல எத்தனை தடவை த்ராட்டில் ஆச்சுன்னு ஒரு எண் இருக்கு. அதை முதல் நாளே கேட் பண்ணிப் பார்த்திருந்தா இந்த எபிசோடே இல்லை.

அந்த மெட்ரிக்ஸ் ஃப்ளஷை எழுதினது யாருன்னு கேட்காதீங்க. சரி, நான்தான்.

அதே மீட்டிங் ரூம்ல புது கிராஃபைப் போட்டுக் காட்டினேன். இந்தத் தடவை தலையாட்டல் கொஞ்சம் கம்மி. ரிவியூல ஏறின அந்த வரியை எடுக்கச் சொல்லி மேனேஜருக்கு மெயில் போட்டேன். சிஸ்டம்ல ஒரு தடவை ஏறினா எடுக்கறது கஷ்டம்னாங்க. மூணு வாரம், நாலு மெயில் ஆச்சு, எடுத்தாங்க. அவன் ஸ்கிரிப்ட் திரும்ப ஓட ஆரம்பிச்சுது. இப்போ அவன் வேற இடத்துல இருக்கான். இந்தக் கதையைச் சொல்லட்டுமான்னு கேட்டப்போ, "சொல்லுங்க அண்ணா, அந்த ஆர், எஸ் மேட்டரை மட்டும் மறக்காம சொல்லுங்க"ன்னான். சொல்லிட்டேன்.

கேட்பவர் ஒருத்தர், விர்ச்சுவல் மெஷினுக்குள்ள எடுத்த ட்ரேஸை வெளியில இருக்கிற ஹோஸ்ட் ட்ரேஸோட எப்படிப் பொருத்தறதுன்னு கேட்டிருந்தார். அங்க ரெண்டு கெர்னல், ரெண்டு உள் கடிகாரம், நடுவுல ஹைப்பர்வைசர் வைக்கிற டிஎஸ்சி ஆஃப்செட் வேற. அதுக்குத் தனி எபிசோட் வேணும், அடுத்த வாரம் அதையே எடுத்துக்கலாம். உங்க மெஷின்ல ட்ரேஸ் கிளாக் ஃபைலை கேட் பண்ணிப் பாருங்க. எந்தப் பேர் சதுர அடைப்புக்குள்ள இருக்கோ, இப்போ ஓடறது அதுதான். என்ன இருந்துச்சுன்னு எழுதி அனுப்புங்க.